எக்ஸ்ரே தட்டுகளுக்கான உறைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவது: எது சரியான முறை?

குடந்தை மருத்துவர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் இரண்டு நாற்காலிகள் கொண்ட சிறிய பல் மருத்துவமனை நடத்துகிறேன். பல ஆண்டுகள் ஃபிலிமிலேயே ஐ.ஓ.பி.ஏ. (வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறிய பல் எக்ஸ்ரே) எடுத்து வந்துவிட்டு, சென்ற தை மாதம்தான் பாஸ்பர் தட்டுக்கும் (ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தைப் பதித்துக்கொள்ளும், திரும்பத் திரும்பப் பயன்படும் தட்டு) அதிலுள்ள படத்தைப் படித்தெடுக்கும் ஸ்கேனருக்கும் மாறினேன். படத்தின் தரத்தில் எனக்குக் குறையில்லை. என் கவலையெல்லாம் தட்டின் மேல் போடும் உறையைப் பற்றியது.

ஃபிலிம் இருந்த காலத்தில் ஒவ்வொரு முறையும் புதிய பாக்கெட்டைப் பிரித்தோம், கழுவியதும் அதன் உறையைக் குப்பையில் போட்டோம். இப்போதோ காலையில் ஒருவர் வாயில் வைத்த அதே தட்டு மாலைக்குள் ஐந்தாறு பேர் வாய்க்குள் போய் வருகிறது. நடுவில் நிற்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றுதான்.

போன வாரம் ஒரு வேர் சிகிச்சையின் நடுவில் ஃபைலின் (வேர்க்குழாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய கருவி) நீளம் பார்க்க இன்னொரு படம் தேவைப்பட்டது. உமிழ்நீரும் ரத்தமும் பட்ட கையுறையோடு என் உதவியாளர் உறைப் பெட்டிக்குள் கையை விட்டார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த உறைகளை விரலால் கலைத்து, ஒன்றைப் பிரித்து எடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பெட்டியை அங்கே வைத்தவன் நான். அன்றிலிருந்து அந்தப் பெட்டியைத் தனியே மூடி வைத்திருக்கிறேன். உறைப் பெட்டியை எங்கே வைக்க வேண்டும், யார் எடுக்க வேண்டும், தட்டை எப்போது உறைக்குள் போட வேண்டும்? ஒவ்வொன்றாக இழுத்தெடுக்கும் சுவர்ப் பெட்டி வாங்கினால் இந்தச் சிக்கல் தீருமா?

கதிரியல் ஆசிரியை பதிலளிக்கிறார்:

டாக்டர், வாய்க்குள் போய்ச் சளிச்சவ்வைத் தொடும் கருவிகளை வெப்பத்தால் கிருமி நீக்கம் செய்ய வேண்டும் என்பது பொது விதி என்பதை நீங்கள் அறிவீர்கள். பாஸ்பர் தட்டு ஆட்டோகிளேவின் அழுத்த நீராவியைத் தாங்காது. இப்படி வெப்பம் தாங்காத டிஜிட்டல் கருவிகளுக்கு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003இல் வெளியிட்ட பல் மருத்துவ வழிகாட்டி குறைந்தபட்சமாக இரண்டைக் கேட்கிறது: அங்கீகரிக்கப்பட்ட தடுப்புறை ஒன்று; உறையைக் கழற்றிய பிறகு, காசநோய்க் கிருமியையும் கொல்லும் திறனுள்ள மருந்தால் துடைத்தல். எந்த மருந்தைத் தட்டு தாங்கும் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எந்தத் தட்டையும் மருந்தில் ஊறப் போடக் கூடாது.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். உறை கிழிந்துவிடுமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதுதான், ஆனால் நான் கண்டவரை தவறு பெரும்பாலும் உறை வாய்க்குள் போவதற்கு முன்பே, பெட்டியருகிலேயே நடந்துவிடுகிறது. சிகிச்சை தொடங்கிய பின் பெட்டியைத் திறக்க நேர்ந்தாலே நம் முறையில் ஓட்டை இருக்கிறது என்று கொள்ளுங்கள். நோயாளி அமர்வதற்கு முன்பே அவருக்கு எத்தனை படம் தேவைப்படும் என்று எண்ணி, அத்தனை தட்டுகளையும் உறையிலிட்டு ஒரு சுத்தமான கோப்பையில் வைத்துவிடுங்கள். வேர் சிகிச்சை என்றால் தொடக்கப் படம், ஃபைல் நீளம், மாஸ்டர் கோன் (வேர்க்குழாயை நிரப்பும் முதன்மைக் குச்சி), நிரப்பிய பின் ஒன்று என நான்கு. கோணம் தவறினால் உதவ மேலும் ஒன்று. பல் சொத்தைக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

சுவர்ப் பெட்டி வாங்குவதை நான் ஆதரிக்கிறேன். ஒன்றை இழுத்தால் ஒன்று மட்டுமே வரும், மற்றவற்றை விரல் தொடாது. ஆனால் அதை நாற்காலிக்கு எட்டும் தூரத்தில் மாட்டினால் ஏரோட்டரின் (பல்லைக் குடையும் அதிவேகக் கருவி) நீர்த்தெறிப்பு அதன் மேல்தான் விழும். மாட்ட வேண்டிய இடம் ஸ்கேனர் இருக்கும் மேசைக்கு மேலே.

பதினாறு ஆண்டு உதவியாளர் பதிலளிக்கிறார்:

வணக்கம் டாக்டர். இந்த வேலையைக் கையால் செய்கிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். உறையின் ஓரத்தில் பசை இருக்கும், அதன் மேல் உரித்தெடுக்கும் காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். ஈரக் கையுறையோடு அந்தப் பட்டையை உரித்துப் பாருங்கள்: முதலில் கையுறை பசையில் ஒட்டும், பிறகு உறை கோணலாக மூடிக்கொள்ளும், ஒரு மூலையில் சிறு சுருக்கம் நிற்கும். உமிழ்நீர் உள்ளே புகுவது அந்தச் சுருக்கத்தின் வழியாகத்தான். ஆகவே ஆசிரியை அம்மா சொன்னபடி முன்கூட்டியே போட்டு வைப்பது சுத்தத்திற்காக மட்டுமல்ல, உறை ஒழுங்காக மூடுவதற்கும் அதுவே வழி.

நான் காலையில் கையைக் கழுவி உலர்த்தி, பவுடர் இல்லாத புதிய கையுறை அணிந்து, தட்டை ஓரங்களில் மட்டும் பிடித்து உள்ளே தள்ளுவேன். எங்கள் உறையில் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் கண்ணாடி போலத் தெரியும். தட்டின் படம் பதியும் வெளிர்ப் பக்கம் கறுப்புப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் வெளிச்சம் படாது. முதுகுப் பக்கத்தில் அச்சிட்ட எழுத்து கண்ணாடி வழியே தெரிந்தால் சரியாகப் போட்டிருக்கிறோம் என்று பொருள். ஒரு முறை திருப்பிப் போட்டதால் படம் இட வல மாறி வந்தது, நல்ல வேளையாக மருத்துவர் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

எடுப்பதைவிடப் பிரிப்பதில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். படம் எடுத்ததும் உறையோடு துடைத்து உலர்த்த வேண்டும். கையுறையை மாற்றிய பிறகு வெட்டுக்குறி உள்ள இடத்தில் கிழித்து, தட்டைத் தொடாமல், உறையைச் சற்றே வளைத்துச் சாய்த்தால் அது தானே நழுவிச் சுத்தமான தட்டத்தில் விழும். விரலை விட்டு இழுக்கக் கூடாது. விளக்கை மங்கலாக வைத்து உடனே ஸ்கேன் செய்துவிட வேண்டும். வெளிச்சத்தில் கிடந்தால் படம் அழியத் தொடங்கிவிடும். காலி உறை எங்கள் மருத்துவமனையில் மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பைக்குப் போகிறது.

கருவி பழுதுபார்ப்பவர் பதிலளிக்கிறார்:

மருத்துவர்களுக்கு என் வணக்கம். ஸ்கேனரைத் திறந்து பார்க்கிறவன் என்பதால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். தட்டு போகும் வாயிலில் உலர்ந்த உமிழ்நீர்க் கறையை நான் பார்த்திருக்கிறேன். நாற்காலியைத் துடைப்பதுபோல் அந்த உட்பகுதியை நினைத்தபோது துடைக்க முடியாது. ஆகவே ஒரு மோசமான உறையின் பாதிப்பு ஒரு நோயாளியோடு நிற்பதில்லை. புதிய உறைப் பெட்டி வாங்கினால் ஓர் உறைக்குள் டிஷ்யூ தாளை வைத்து மூடி, நிறம் கலந்த தண்ணீரில் சில நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். தாளில் நிறம் ஏறினால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று அளவு. இரண்டாம் எண் தட்டு ஏறத்தாழ 31க்கு 41 மில்லிமீட்டர். உறை சிறிதானால் தட்டைத் திணிக்க வேண்டிவரும். அப்போது தட்டு வளையும், கீறல் விழும். படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும் அந்தக் கீறல் ஒருபோதும் மறையாது.

குடந்தை மருத்துவர் மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. திங்கள் முதல் எண்ணி வைக்கும் முறையைத் தொடங்கிவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. முந்தைய நாள் மாலையே மறுநாளுக்கான தட்டுகளை உறையிலிட்டு வைக்கலாமா? எண்ணியதற்கு மேல் படம் தேவைப்பட்டால் என்ன செய்வது?

கதிரியல் ஆசிரியை:

முந்தைய மாலை வேண்டாம், காலையில் செய்யுங்கள். பயன்படாமல் கிடக்கும் தட்டு சுற்றுப்புறக் கதிர்வீச்சைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும். ஒரு நாளுக்கு மேல் கிடந்த தட்டை, அதில் பதிந்திருப்பதை ஸ்கேனரில் ஒரு முறை அழித்த பின்பே உறையிலிடுவது நல்லது. போட்டு வைத்த தட்டுகளை எக்ஸ்ரே குழாய் இருக்கும் அறைக்கு வெளியே வையுங்கள்.

கூடுதல் படம் தேவைப்பட்டால், வாயில் வேலை செய்யாத ஒருவர் சுத்தமான கையால் எடுத்துத் தரட்டும். ஆள் இல்லையென்றால் உதவியாளர் கையுறையைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்துவிட்டு எடுக்கட்டும். அல்லது கையுறையின் மேல் தளர்வான பாலிதீன் கையுறை அணிந்து எடுக்கட்டும். நேரம் வீணாகிறதே என்று யாரும் நினைக்க வேண்டாம், இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. நாற்காலியருகே கோப்பையில் மிஞ்சிய தட்டை அப்படியே அடுத்த நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். அதன் மேலும் தெறிப்பு பட்டிருக்கும். உறையைக் கழித்துவிட்டு, தட்டைத் துடைத்து, புதிய உறை போடுங்கள்.

நீங்கள் மூடி வைத்திருக்கும் அந்தப் பழைய பெட்டியை முழுவதுமாகக் கழித்துவிடுங்கள். ரத்தம் பட்ட விரல் எத்தனை உறைகளைத் தொட்டது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

குடந்தை மருத்துவர்:

இன்று காலையே கழித்துவிட்டேன் அம்மா. ஸ்கேனர் மேசைக்கு மேலே சுவர்ப் பெட்டி மாட்ட நாளை ஆள் வருகிறார். எத்தனை தட்டு வேண்டும் என்பதை நோயாளியின் அட்டையிலேயே முன்கூட்டி எழுதிவிடும்படி என் உதவியாளர் யோசனை சொன்னார்; நாளை வரும் நோயாளிகளுக்கு இன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.