தசைநாண், பிணைநார்: இரண்டுக்கும் ஒரே சொல் ஏன் ஆகாது

தசையை எலும்போடு இணைக்கும் டென்டன், எலும்பை எலும்போடு இணைக்கும் லிகமென்ட் இரண்டுக்கும் ‘தசைநார்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று கேட்டவருக்கு:

ஒரே ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முழங்காலில் முன் குறுக்கு லிகமென்ட் அறுந்தால், தொடையின் பின்பக்கத் தசையின் டென்டனை எடுத்து அங்கே பொருத்துகிறார்கள். இரண்டுமே தசைநார் என்றால் ‘தசைநாரை எடுத்துத் தசைநாராகப் பொருத்துவோம்’ என்றுதான் வரும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு இதில் என்ன விளங்கும்?

நாண் வில்லில் கட்டுவது. இழுத்தால் வில் வளையும். டென்டனின் வேலையும் அதுதான்: தசை சுருங்கும், நாண் இழுக்கும், எலும்பு நகரும். ஆகவே தசைநாண். லிகமென்ட்டில் தசையே இல்லை. எலும்பை எலும்போடு பிணைத்து, மூட்டு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்கிறது. அதன் பெயரில் ‘தசை’ ஒட்டிக்கொண்டதே பிழை. பிணைநார் என்றால் போதும். ‘பிணையம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தவறில்லை, ஆனால் கடன் பத்திர வாசனை அடிக்கிறது.

பாயாவுக்கு ஆட்டுக்கால் கழுவும்போது கவனித்தால் வேறுபாடு கையிலேயே தெரியும். எலும்புக்குப் பின்னால் நீளவாக்கில், வெள்ளையாகக் கயிறு மாதிரி ஓடுவது நாண். அதை இழுத்தால் குளம்பு மடங்கும். மூட்டின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு, கத்தி போட்டால்தான் விடுவேன் என்று நிற்பது பிணைநார்.

நம் வேலூர்ப் பக்கம் இன்னொரு குழப்பமும் உண்டு. நரம்பு, நாண், ரத்தக்குழாய் எல்லாமே பேச்சில் ‘நரம்பு’தான். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல் மடங்கிய கைகளில் செய்த அறுவையை இந்தப் பேச்சில் சொல்லவே முடியாது. அங்கே கெட்டது நரம்பு. அது கெட்டதால் விரலை நிமிர்த்தும் சிறுதசைகள் செயலிழந்தன. அவர் இடம் மாற்றியது, நல்ல நிலையில் இருந்த வேறொரு தசையின் நாணை. கெட்டது ஒன்று, மாற்றியது வேறொன்று. ‘நரம்பை மாத்தினாங்க’ என்றால் முழுப் பொய்.

சிகிச்சையிலும் இது உதவும். மரத்துப்போனால் நரம்பைப் பார்க்க வேண்டும். நடக்கையில் முட்டி நழுவினால் பிணைநாரை. விரல் நுனி தொங்கி, தானாக நிமிராவிட்டால் நிமிர்த்தும் நாண் அறுந்திருக்கலாம். அதற்கு 6 முதல் 8 வாரம் இடைவிடாமல், விரலை நேராகப் பிடித்து வைக்கும் ஸ்ப்ளின்ட் போட வேண்டும். நடுவில் கழற்றி ஒருமுறை மடக்கிவிட்டாலும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து.

கூட்டுச்சொல்லிலும் நாண் தாங்குகிறது. செமிடெண்டினோசஸ் என்ற தசையில் ஏறக்குறைய கீழ்ப்பாதி நாண்தான்: அரைநாண் தசை. ‘அரைத் தசைநார்த் தசை’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்!

மறுமொழி:

ஐயா, ஏற்கிறேன். ஆனால் முழங்கால்சில்லுக்குக் கீழே இருக்கும் பட்டையை என்ன செய்வது? சில்லிலிருந்து கீழ்க்கால் எலும்புக்கு, அதாவது எலும்பிலிருந்து எலும்புக்குப் போகிறது. உங்கள் இலக்கணப்படி பிணைநார். ஆங்கிலத்திலும் இரண்டு பெயரும் புழங்குகின்றன.

அதற்கு மறுமொழி:

நல்ல பிடி, அம்மா. சில்லு, நாணுக்குள்ளேயே பதிந்து வளர்ந்த எலும்பு. தொடைத்தசை இழுப்பது நீங்கள் சொன்ன பட்டையின் வழியாகத்தான் கீழே இறங்குகிறது; அந்தப் பட்டை அறுந்தால் காலை நீட்ட முடியாது. எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைவிட என்ன செய்கிறது என்பதை வைத்து ‘சில்லுநாண்’ என்றே எழுதலாம். என் இலக்கணத்தைத் திருத்திக்கொள்கிறேன்: இழுப்பது நாண், பிடித்து வைப்பது பிணைநார்.

‘ஜவ்வு’தான் மிச்சம். லிகமென்ட், மெனிஸ்கஸ், முதுகெலும்பு டிஸ்க் மூன்றுக்கும் மக்கள் அதையே சொல்கிறார்கள். மெனிஸ்கஸ் பிறை வடிவக் குருத்தெலும்பு, முட்டிக்கு இரண்டு. ‘பிறைக்குருத்து’ சரிவருமா?