சுபாவம் பார்த்துத் தியானம் கொடுப்பது சரியா?

மருதன்:
கோபக்காரருக்கும் ஆசை மிகுந்தவருக்கும் ஒரே தியானத்தைக் கொடுப்பது தவறு என்பதே என் வாதம். 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி எழுதிய தியான நூலான விசுத்திமக்கம், 40 தியானப் பொருள்களை ஆறு சுபாவங்களோடு பொருத்துகிறது. ஆசை மிகுந்தால் பிணத்தின் 10 நிலைகளை நினைக்கும் 'அசுபம்', உடற்கூறு. வெறுப்பு மிகுந்தால் மைத்ரி (எல்லோரிடமும் நட்புணர்வு), கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது), உபேட்சை (நடுநிலை). கூடவே நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை வட்டங்களைப் பார்த்து மனதை நிறுத்துவது. மந்தமானவருக்கும் ஓயாமல் யோசிப்பவருக்கும் மூச்சைக் கவனிப்பது. பக்திமானுக்கு புத்தர், தம்மம், சங்கம் போன்றவற்றின் நினைவு. கூர்மதியாளருக்கு மரண நினைவு, நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கு பூதங்கள் முதலியவை.

பனித்துளி:
சுபாவத்தை யார் கணிப்பது? துடைப்பத்தைப் பிடிக்கும் விதத்தை வைத்தே ஆளைச் சொல்லலாம் என்கிறது அந்நூல். ஆசைக்காரர் நிதானமாக, மணல் சிதறாமல் பெருக்குவாராம்; வெறுப்பு மிகுந்தவர் இறுக்கிப் பிடித்து, சரசரவென்று இருபுறமும் மணலை வாரியடிப்பாராம். அதற்குப் பிறகு அதே அத்தியாயம் சொல்வதைக் கவனியுங்கள்: இந்த அடையாளங்கள் முழுமையாக மூலநூல்களிலோ பழைய உரைகளிலோ இல்லை, ஆசிரியர்களின் கருத்து மட்டுமே, முழுதாக நம்ப வேண்டாம். புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தரே தவறவில்லையா? பொற்கொல்லர் மகனான இளம் துறவிக்கு, இளைஞன்தானே என்று அசுபத்தைக் கொடுத்தார், மனம் நிலைக்கவில்லை. புத்தர் பொன் தாமரை ஒன்றைக் காட்டியதும் உடனே ஒன்றியது. புத்தரின் வாக்குகளான தம்மபதத்தின் பழைய உரையில் இது வருகிறது.

மருதன்:
அந்தக் கதை என் பக்கம்தான் நிற்கிறது, நண்பரே. கணிப்பு தவறியது, பொருத்தம் பார்ப்பது தவறவில்லை. பொருளை மாற்றியதும் பலித்ததே!

பனித்துளி:
புத்தர் காலத்தில் வைசாலி நகரில் நடந்ததை மறந்துவிட்டீர்கள். அசுபத்தில் மூழ்கிய துறவிகள் பலர் உடலை வெறுத்து உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு சங்கத்தைக் கூட்டி புத்தர் கற்பித்தது மூச்சைத்தான், அதுவும் சுபாவம் பிரிக்காமல், அனைவருக்கும். தன்னையே வெறுப்பவருக்கு, மனச்சோர்வில் இருப்பவருக்கு, ஆசைக்கு மருந்து என்று அசுபத்தைக் கொடுப்பது ஆபத்து. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மேகலா:
அசுபத்தில் பனித்துளியோடு உடன்படுகிறேன். ஆனால் மூச்சு எல்லோருக்கும் ஒத்துவராது. பதற்றம் மிகுந்தவர் மூச்சைக் கவனிக்கிறேன் என்று அதை இழுத்துப்பிடிப்பார். நெஞ்சு இறுகும், பயம் கூடும். அவருக்கு மெதுவான நடையும் உள்ளங்காலின் தொடுகையும் முதலில் போதும். மூச்சை எண்ணிக் கவனிக்க வரும்போது, ஒவ்வொரு சுற்றின் எண்ணிக்கை 5க்குக் குறையாமலும் 10ஐத் தாண்டாமலும் இருக்கட்டும். குறைந்தால் மனம் நெருக்கடியில் தவிக்கும். கூடினால் மூச்சை விட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மைத்ரியிலும் தடுக்கி விழுவது தொடக்கத்தில்தான். கோபக்காரர் நேரே எதிரியிடம் போகிறார்; பழைய சண்டை மனதில் ஓட, கோபம் இரட்டிப்பாகிறது. முதலில் தான், பிறகு மதிக்கும் ஒருவர், நெருங்கிய நண்பர், விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர், கடைசியில்தான் எதிரி. இறந்தவரை எடுக்கக் கூடாது. தன்னிடமே கனிவு வராவிட்டால் மதிப்புக்குரியவரிடம் தொடங்கலாம். இந்த மாற்றம் என் கருத்து.

மருதன்:
பதற்றக்காரருக்கு நடை, கோபக்காரருக்கு மைத்ரி என்று ஆள் பார்த்துத்தானே நீங்களும் கொடுக்கிறீர்கள், மேகலா?

மேகலா:
ஆள் பார்த்தல்ல, அன்றைய நிலை பார்த்து. காலையில் எரிச்சல், மாலையில் மந்தம் என்று ஒரே மனிதர் மாறுகிறார். மேகியர் என்ற சீடருக்குப் புத்தர் சொன்ன 'மேகிய சுத்தம்' என்ற உபதேசமும் ஆசைக்கு அசுபம், பகைக்கு மைத்ரி, சிதறும் எண்ணத்துக்கு மூச்சு, 'நான்' என்னும் செருக்குக்கு நிலையாமை என நான்கையும் ஒருவருக்கே தருகிறது. ஆனால் ஒரே அமர்வுக்குள் தாவக் கூடாது. சலிப்பு வந்ததும் பொருளை மாற்றுபவர் சலிப்புக்குத்தான் பயிற்சி கொடுக்கிறார்.

பனித்துளி:
மேகியருக்கு எதிரே புத்தரே இருந்தார். கைபேசியில் தியானச் செயலியைத் திறந்து தனியாக உட்காருபவருக்கு அன்றைய நிலையைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? தான் கோபத்தில் இருப்பதைக் கோபக்காரர் பெரும்பாலும் நியாயம் என்றுதான் நினைப்பார். ஆசிரியர் கிடைக்கும்வரை மூச்சோ நடையோ, ஏதோ ஒன்றில் நிற்கட்டும்.