மறு: 'கொன்ஃபைன்ட் ஸ்பேஸ்' என்பதற்குத் 'தேங்கிடம்' பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆள் இறங்கி வேலை செய்யும், ஆனால் காற்றும் வழியும் குறைந்து உயிராபத்தாகக்கூடிய இடத்தை ஆங்கிலத்தில் 'கொன்ஃபைன்ட் ஸ்பேஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று வாரமாக வாசிப்பதோடு நின்றுவிட்டேன். இப்போது எனக்கே அவசரம் வந்துவிட்டது. பரந்தன் பக்கத்தில் ஒரு நெல் ஆலைக்கு மூன்று பலகை எழுதிக் கொடுக்க வேண்டும்: நெல் கொட்டி வைக்கும் உயரத் தாங்கிக்கு ஒன்று, கழிவுநீர்க் குழிக்கு ஒன்று, பாவனையில்லாமல் கிடக்கும் பழைய கிணற்றுக்கு ஒன்று. பலகை எழுதுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற மனிதர். 'வரையறுக்கப்பட்ட இடம்' என்று எழுதச் சொன்னதும் சிரித்தார். "தம்பி, இதை வாசிச்சு முடிக்க முதல் ஆள் உள்ளுக்கு இறங்கிடுவான்."

அவர் சொன்னதில் பாதி பகிடி, பாதி உண்மை. 'வரையறுக்கப்பட்ட' என்றால் எங்கள் சனத்துக்கு ஞாபகம் வருவது கூட்டுறவுச் சங்கப் பெயர்ப்பலகையில் 'லிமிட்டட்' என்பதற்கு எழுதும் சொல். அதைப் பார்த்து யாரும் பயந்ததில்லை.

சொல் தேடுவதற்கு முன் பொருளைப் பிடித்துக்கொள்வோம். அமெரிக்காவின் 1993 ஆம் ஆண்டு விதி மூன்று அடையாளம் சொல்கிறது: ஆள் உள்ளே போய் வேலை செய்யக்கூடிய அளவு இருக்க வேண்டும், உள்ளே போகவும் வெளியே வரவும் வழி குறைவாக இருக்க வேண்டும், தொடர்ந்து ஆள் இருப்பதற்காகக் கட்டப்பட்டதாக இருக்கக்கூடாது. பிரித்தானியாவின் 1997 விதி தொட்டி, குழி, கழிவுநீர்க் குழாய், புகைபோக்கி என்று ஒரு பட்டியலே போடுகிறது. அதில் கிணறும் இருக்கிறது. திறந்த வாய்க் கிணறும் இதற்குள் வரும் என்பதைக் கவனியுங்கள். 'மூடிய இடம்' என்ற முன்மொழிவு அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. 'குறுகிய இடம்' கூடச் சரிவராது. எங்கள் ஆலைத் தாங்கிக்குள் ஒரு லொறியை நிறுத்தலாம்.

மதுரை நண்பர் 'அடைவெளி' என்றார். கேட்க அழகுதான். ஆனால் வன்னியில் வெளி என்றால் வயல்வெளி. அடைவெளி என்று பலகை வைத்தால், கட்டாக்காலி மாட்டுக்கு வேலி போட்ட வயல் என்றுதான் நினைப்பார்கள். கனடா அக்கா தந்த 'அடைவிடம்' எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்தது. அடைவு + இடம் என்றும் பிரிக்கலாம், அடை + விடம் என்றும் பிரிக்கலாம், உள்ளே நஞ்சு ஒளிந்திருக்கிறது என்று விளக்கமும் எழுதியிருந்தார். அடுத்த நாள் வேலைத்தலத்தில் சொல்லிப் பார்த்தேன். "அண்ணை, நகை அடைவு வைக்கிற இடமோ?" என்று ஒரு பொடியன் கேட்டான். ஆசை அதோடு போயிற்று. 'அடைகாற்றிடம்' என்று நானே ஒன்று எழுதி வைத்திருந்தேன். பேச்சில் காற்று 'காத்து' ஆகிவிடும். அடைகாத்து இடம், கோழி முட்டைக்குக் குந்தும் இடம். அதையும் அழித்தேன்.

இரண்டு முன்மொழிவுகளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். அவை வேடிக்கைக்காகத் தள்ள வேண்டியவை அல்ல, ஆபத்தானவை என்பதால் தள்ள வேண்டியவை.

ஒன்று 'நச்சுக்குழி'. நஞ்சு இருந்தால்தான் நச்சுக்குழி. "நேற்றுத்தான் கழுவினோம், இதில் என்ன நஞ்சு?" என்று ஒருவன் இறங்குவான். அடியில் இருக்கும் சேற்றைக் கிளறிய பிறகுதான் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சுவாயு கிளம்பும். கூழ்முட்டை மணம் வந்தால் ஏறிவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி: மில்லியனில் 100 பங்கு அளவுக்குப் போனால் அந்த வாயு மூக்கையே மரக்கச் செய்துவிடும். மணம் நின்றதும் வாயு போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் மிக மோசமான நேரம்.

மற்றது 'மூச்சுமுட்டறை'. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது ஒட்சிசன் குறைவது அல்ல, உடம்பில் காபனீரொட்சைட்டு கூடுவது. ஒட்சிசன் மட்டும் குறைந்துபோன இடத்தில் மூச்சு இலேசாகத்தான் போய்வரும். கால் மடங்கும்வரை ஒன்றும் தெரியாது. அப்படியிருக்க, மூச்சு முட்டினால் ஏறலாம் என்று சொல்லிக் கொடுக்கும் ஒரு பெயரை நாங்களே வைக்கலாமா?

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 2010 இல் மீளக்குடியேறி வந்த புதிதில் எங்கள் வளவுக் கிணறு குப்பையும் கூளமுமாகக் கிடந்தது. இறைத்துத் துப்புரவாக்க ஒரு பெற்றோல் பம்ப் வாடகைக்கு எடுத்தோம். மேலே வைத்த பம்ப் 25 அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரை உறிஞ்ச முடியாமல் திணறும். ஆகவே கிணற்றுக்குள் குறுக்கே பனஞ்சிலாகை போட்டு அதன்மேல் பம்பை இறக்கினோம். ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதான். உள்ளே காற்று நல்லதா என்று அறிய, முறைப்படி அரிக்கன் லாம்பையும் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தோம். அணையவில்லை. எல்லோருக்கும் திருப்தி.

அரை மணி நேரம் மெசின் ஓடியது. தண்ணீர் வற்றியதும் மச்சான் சேறு அள்ள இறங்கினான். கொஞ்ச நேரத்தில் "தலை இடிக்குது" என்றான். பிறகு சிலாகையில் குந்திக்கொண்டு மேலே பார்த்துச் சிரித்தான். கூப்பிட்டால் பதில் இல்லை. நான் கிணற்றுக் கட்டுக்கு மேலால் ஒரு காலைப் போட்டுவிட்டேன். சித்தப்பா பின்னாலிருந்து என் சாரத்தைப் பிடித்து இழுத்தார். சாரம் அவர் கையோடு போய்விட்டது, நான் கட்டுக்கு இந்தப் பக்கம் மல்லாக்க விழுந்தேன். மச்சானின் கமக்கட்டுக்குள்ளால் கயிறு கட்டியே தீர வேண்டும் என்று சித்தி காலையில் சண்டை பிடித்திருந்தார். அந்தக் கயிற்றைக் கப்பியில் போட்டு நாலு பேராக இழுத்தோம். மேலே வந்து சத்தி எடுத்தான், இரண்டு நாள் ஆசுபத்திரி வாட்டில் கிடந்தான், பிழைத்தான்.

லாம்பு பொய் சொல்லவில்லை, நாங்கள் கேட்ட கேள்விதான் பிழை. அது இறக்கப்பட்டபோது மெசின் ஓடத் தொடங்கவே இல்லை. ஓடிய பிறகு இறக்கியிருந்தாலும் அநேகமாக எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். மெசின் புகையில் வரும் காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) ஆளை விழுத்துகிற அளவு விளக்கை அணைக்கப் போதாது. அது இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிற சாமான். தீப்பற்றும் மெதேன் வாயு இருக்கும் குழிக்குள் எரியும் லாம்பை இறக்கினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நான் குதித்திருந்தால் கணக்கு இரண்டாகியிருக்கும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986 இல் வெளியிட்ட எச்சரிக்கை அறிக்கை, இப்படியான இடங்களில் செத்தவர்களில் 60 வீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். வன்னிச் சனத்துக்குக் கலைச்சொல் புதிதல்ல. வெதுப்பகம் என்ற பலகையைப் பார்த்துப் பாண் வாங்கியவர்கள் நாங்கள். பதுங்குகுழி என்று எழுதிவிட்டுப் பங்கர் என்று பேசினோம், அது வேறு கதை. ஆனால் 'மிதிவெடி' எழுத்திலும் பேச்சிலும் ஒன்றாகவே நின்றது. சிவப்புப் பலகை, மண்டையோடு, மிதிவெடி. எதைச் செய்தால் சாவு என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதோடு அது வினைத்தொகை: மிதித்த, மிதிக்கின்ற, மிதிக்கும் வெடி. முக்காலத்துக்கும் காவல்.

அந்த வழியில்தான் 'தேங்கிடம்' என்று வருகிறேன். தேங்கு + இடம். தேங்கிய, தேங்குகின்ற, தேங்கும் இடம். இப்போது ஒன்றும் இல்லாவிட்டாலும் இனித் தேங்கலாம் என்பதும் அதற்குள் அடங்கும். "நேற்றுக் கழுவினோம்" என்கிறவனுக்கு அதுதான் பதில். என்ன தேங்கும் என்று சொல் சொல்லவில்லை. அது குறையல்ல, வசதி. வாயு தேங்கலாம், கழிவு தேங்கலாம், காலுக்குக் கீழே சரிந்து ஆளை மூடும் நெல்லும் தேங்கலாம். வெளியே வர வழியில்லாமல் ஆளும் தேங்கலாம். 'குழி' என்று முடித்திருந்தால் நிலத்துக்கு மேலே நிற்கும் தாங்கி விடுபட்டுப் போயிருக்கும்.

இரணைமடு, வவுனிக்குளம் என்று குளத்தை வைத்துப் பிழைக்கும் ஊரில் 'தேங்கு' என்ற வினையை யாருக்கும் விளக்க வேண்டாம். நான் எடுக்கும் பாதுகாப்பு வகுப்பில் இப்படித்தான் சொல்கிறேன்: இது வானும் (மிகை நீர் வழிந்தோடும் வழி) துருசும் (மதகு) இல்லாத குளம், காற்றுக்கு வான் நீ வெட்டிக் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் காற்றடிக்கும் ஊதியும் குழாயும். சுத்த ஒட்சிசனை உள்ளே அடிக்கிற புத்திசாலிகளுக்கு மட்டும் தனியாக ஒரு வசவு வைத்திருக்கிறேன். வெளிக்காற்றில் ஒட்சிசன் 20.9 வீதம். 19.5 க்குக் கீழே போனால் இறங்கக்கூடாது, 23.5 க்கு மேலே போனாலும் இறங்கக்கூடாது, உடுப்பே பற்றிக்கொள்ளும். வாயு அளவுமானியை மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் பிடிக்க வேண்டும். மெதேன் மேலே போகும், ஐதரசன் சல்பைட்டு அடியில் கிடக்கும்.

துணைச்சொல் இரண்டு. வாயருகில் நின்று, என்ன நடந்தாலும் உள்ளே இறங்காமல் கயிற்றைப் பிடித்திருக்கும் ஆளுக்கு 'மேற்காவல்'. யானைக்கும் பன்றிக்கும் பரணில் இருந்து வயற்காவல் பார்த்த சனம், விளங்கிக்கொள்ளும். எங்கள் சித்தப்பா அன்று செய்தது மேற்காவல்தான், பெயர் தெரியாமல் செய்தார். வாயு அளந்து, கையெழுத்து வைத்துத் தரும் அனுமதிக்கு 'இறங்குசீட்டு'. 'உள்நுழைவு அனுமதிப்பத்திரம்' கோப்பில் கிடக்கட்டும். யுத்தத்தில் பாஸ் எடுத்துத் திரிந்த காலத்தைக் கண்ட ஆட்களுக்குச் சீட்டில்லாமல் போகக்கூடாத இடம் என்றால் என்னவென்று தெரியும்.

தேங்கிடம் என்றால் மழைநீர் தேங்கும் பள்ளம் என்று தோன்றாதா என்று சென்னை ஐயா கேட்பார், தெரியும். தோன்றலாம். அதற்காகத்தான் பலகையில் அடுத்த வரி: 'தேங்கிடம். சீட்டும் மேற்காவலும் இல்லாமல் இறங்காதே.' பலகைக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, பழையதைவிட மூன்று சொல் கூட, ஆனால் இதை வாசிக்கலாம் என்றார்.

வியாழக்கிழமை அவர் வேலை தொடங்குகிறார். உங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு வேறு ஏதாவது அர்த்தம் இருந்தால் அதற்கு முதல் எழுதுங்கள். அடைவிடம் மாதிரிப் பிறகு தெரியவந்தால், பெயின்ற் காய்ந்திருக்கும்.