துன் சார்டோன் ஏற்றத்தில் பாதியில் நிற்கும் மின்சைக்கிள்கள்: பேட்டரியா, மோட்டாரா?

மலைச்சுற்று_பினாங்கு:
வணக்கம். ஜோர்ஜ்டவுன்லேருந்து விருந்தினர்களை மின்சைக்கிள்ல மலைப்பக்கம் கூட்டிப் போற சுற்று நடத்துறோம். லிட்டில் இந்தியாவில கிளம்பி ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், அங்கேருந்து ஜாலான் துன் சார்டோன் ஏறி அஞ்சுங் இண்டா காட்சிமுனை, கடைசியா பாலிக் பூலாவ் இறக்கம்.

8 வண்டியும் ஒரே மாடல். பின்சக்கரத்தோட நடுக்குடத்துல 250 வாட் ஹப் மோட்டார் (உள்ளே கியர் உள்ள வகை), பேட்டரி 36 வோல்ட் 10.4 ஆம்பியர்-மணி, கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போற மின்சாரத்தைக் கட்டுப்படுத்தற பெட்டி) 15 ஆம்பியர், சக்கரம் 26 இன்ச், முன்னால 46 பல், பின்னால 14-28 பல் ஏழு கியர், கேபிள் டிஸ்க் பிரேக். மிதிக்காமலே மோட்டாரை ஓட்டற கட்டைவிரல் த்ராட்டிலும் உண்டு.

3-ஆம் எண்ணும் 5-ஆம் எண்ணும் ஏற்றத்தோட நடுவுல மோட்டார் நின்னுடுது. டிஸ்பிளே அணையறதில்லை, எரர் எண்ணும் வராது. ஓரமா நிறுத்திப் பார்த்தா பேட்டரி மூணு கோடு காட்டுது. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடுது. சமதளத்துல ஒரு குறையும் இல்லை. கடையில "மோட்டார் போச்சு, ரெண்டையும் மாத்திடுங்க"ன்னு சொல்றாங்க. மாத்தணுமா?

இன்னொண்ணு, பாலிக் பூலாவ் இறக்கத்துல பிரேக் கத்துது, லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துடுது.

வோல்ட்மீட்டர்:
மோட்டாருக்குக் காசு கொடுக்காதீங்க, இப்போதைக்கு. நீங்க சொன்ன அறிகுறி ரெண்டு வேற வேற கோளாறுக்குப் பொருந்தும். பிரிச்சுப் பார்க்கணும்.

முதல்ல கோடுகளை நம்பாதீங்க. அது வண்டி நிக்கும்போது இருக்கிற வோல்ட்டைத்தான் காட்டும். 36 வோல்ட் பேட்டரிங்கிறது 10 செல் குழு தொடரா இணைஞ்சது. முழுசா ஏறினா 42.0 வோல்ட், கன்ட்ரோலர் துண்டிக்கிற இடம் பெரும்பாலும் 30-31. பேட்டரிக்குள்ள இருக்கிற தடை 0.2 ஓம்னா, 15 ஆம்பியர் இழுக்கும்போது 3 வோல்ட் விழும். செல் பழசாகி அந்தத் தடை 0.4 ஓம் ஆயிட்டா 6 வோல்ட் விழும். நிக்கும்போது 36.6 இருக்கிற பேட்டரி ஏற்றத்துல 30.6-க்கு வந்துடும், கன்ட்ரோலர் மோட்டாரை விட்டுடும். சுமை போனதும் வோல்ட் மேலே வந்து மூணு கோடும் திரும்ப வந்துடும். சமதளத்துல 4-5 ஆம்பியர்தான் இழுக்கும், அதனால அங்கே ஒண்ணும் தெரியாது.

ரெண்டாவது சந்தேகம் சூடு. ஏற்றத்துல மெதுவா ஊரும்போது ஹப் மோட்டார் தன் சொந்த வேகத்துக்கு ரொம்பக் கீழே சுத்துது. உள்ளே போற மின்சக்தியில பாதிக்கு மேலேயே வெப்பமாப் போயிடலாம். அளவு மீறினா மோட்டார்ல சென்சார் இருக்கிற வண்டி தானா நின்னுடும். சில கன்ட்ரோலரும் தன் சூட்டுக்காக நிக்கும்.

வித்தியாசம் காட்டிக் கொடுக்கிறது நேரம்தான். அணைச்சு உடனே போட்டா ஓடுது, கொஞ்ச தூரத்துல மறுபடி நிக்குதுன்னா வோல்ட் வீழ்ச்சி. பத்து, பதினஞ்சு நிமிஷம் ஆறினாத்தான் ஓடும்னா சூடு. டிஸ்பிளேயே அணைஞ்சு போச்சுன்னா மூணாவது கதை: பேட்டரிக்குள்ள இருக்கிற பாதுகாப்புச் சுற்று துண்டிச்சிருக்கு. உங்களுக்கு அது இல்லை.

செய்ய வேண்டியது: 3, 5 ரெண்டோட பேட்டரியையும் நல்லா ஓடுற வண்டிகளோட மாத்திப் போட்டு அதே ஏற்றத்துல ஏத்துங்க. டிஸ்பிளேயைக் கோடு மோட்லேருந்து வோல்ட் மோட்டுக்கு மாத்துங்க, மெனுவுல இருக்கும். ஹப் மேல கறுப்பு மின்டேப் ஒரு துண்டு ஒட்டி, அது மேல இன்ஃப்ராரெட் சூடுமானியைக் காட்டுங்க. பளபளன்னு இருக்கிற அலுமினியத்தை நேரா அளந்தா நிஜத்தைவிடக் குறைச்சுத்தான் காட்டும்.

பட்டறை_ஆயர்_ஈத்தாம்:
வோல்ட்மீட்டர் சொன்னதோட ஒண்ணு. பேட்டரியைக் கழட்டி, வண்டியில அது உட்கார்ற தட்டுல இருக்கிற தொடுமுனைகளைப் பாருங்க. கடற்காத்துல பித்தளை பச்சை பிடிச்சிருக்கும், இல்லைன்னா நுனி கறுத்துக் குழி விழுந்திருக்கும். அந்த ஒரு முனையே ரெண்டு வோல்ட் சாப்பிடும். தொட்டுப் பார்த்தா ஏறி முடிச்ச வண்டியில அந்த இடம் மட்டும் சுடும். மெல்லிய உப்புத்தாளால ரெண்டு தேய், கான்டாக்ட் கிளீனர், அவ்வளவுதான். பிளாஸ்டிக் உருகியிருந்தா மட்டும் தட்டை மாத்துங்க. பேட்டரி சுவிட்சை அணைச்சுட்டுத்தான் கை வைக்கணும்.

மலைச்சுற்று_பினாங்கு:
ரொம்ப நன்றிங்க. மாத்திப் பார்த்தாச்சு.

3-ஆம் எண்: கோளாறு பேட்டரியோட போயிடுச்சு. அந்த பேட்டரி எந்த வண்டிக்குப் போனாலும் அந்த வண்டி நிக்குது. நிக்கும்போது 36.8, ஏற்றத்துல 30.4. அணைச்சுப் போட்டா உடனே ஓடுது. தொடுமுனை சுத்தமாத்தான் இருக்கு. முழு சார்ஜ் ஏத்தி ஒரு மணி நேரம் விட்டு அளந்தா 41.1. மத்ததெல்லாம் 41.8, 41.9.

5-ஆம் எண்: நல்ல பேட்டரி போட்டும் நிக்குது. மோட்டார் நின்ன நேரத்துல டிஸ்பிளேல 34 வோல்ட் இருந்துச்சு. ஆறினாத்தான் ஓடும். டேப் மேல 71 டிகிரி, மத்த வண்டிகள்ல 50-55. இந்த வண்டிக்கு நீளமான சீட் கம்பி போட்டிருக்கு, அதனால உயரமானவங்களுக்குத்தான் கொடுப்போம், 90 கிலோவுக்கு மேலே இருப்பாங்க.

வோல்ட்மீட்டர்:
அப்போ ரெண்டும் வேற வேற வியாதி.

3-ஆம் எண் பேட்டரி: 41.1-ங்கிறது செல் குழுக்கள் சமமா இல்லைங்கிறதுக்கு அடையாளம். ஒரு குழு முன்னாடியே நிரம்பிடுது, பாதுகாப்புச் சுற்று சார்ஜை நிறுத்திடுது, மத்தது பசியோட நிக்குது. சார்ஜரோட பச்சை விளக்கு வந்த பிறகும் கழட்டாம இன்னும் 8-10 மணி நேரம் விடுங்க, ஆள் பார்வையில, எரியற பொருள் பக்கத்துல இல்லாம. சமன் செய்யற சுற்று சின்ன மின்னோட்டத்துலதான் வேலை செய்யும், அதான் இவ்வளவு நேரம். 41.8 தொட்டு, அடுத்த சில சவாரியிலும் அப்படியே நின்னா பிழைச்சுது. திரும்ப 41.1-க்கு இறங்கினா ஒரு குழு போயிடுச்சு. அந்த பேட்டரியைச் சமதளச் சுற்றுக்கு ஒதுக்குங்க, இல்லை மாத்துங்க. பிரிச்சு ஒரு செல்லை மட்டும் மாத்தித் தர்றேன்னு கைப்பேசிக் கடையில சொன்னா கொடுக்காதீங்க. பழைய செல்களோட புதுசைச் சேர்த்தா சமநிலை இன்னும் கெடும், பற்றவைப்பு தப்பினா தீ.

சார்ஜ் விஷயத்துல இன்னொண்ணு. 2 ஆம்பியர் சார்ஜர்னா மூணு மணி நேரத்துல 6 ஆம்பியர்-மணிதான் ஏறும். காலை ஒரு சுற்று, மாலை ஒரு சுற்றுன்னா இடைவெளியில நிரம்பாது. மலையிலேருந்து வந்த சூட்டோட செருகவும் கூடாது. 45 டிகிரிக்கு மேலே இருக்கிற லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தினா ஆயுள் குறையும். நிழல்ல வெச்சு, கை வெச்சா சாதாரணமா இருக்கிற வரைக்கும் விடுங்க.

பட்டறை_ஆயர்_ஈத்தாம்:
5-ஆம் எண்ணுக்கு நான் வர்றேன். பின்சக்கரத்தைத் தூக்கி முன்பக்கமாச் சுத்தி விடுங்க. கியர் ஹப்ல உள்ளே ஒருவழி கிளட்ச் இருக்கு, முன்பக்கம் சுத்தினா மோட்டார் தொந்தரவு இல்லாம சக்கரம் பல சுத்து ஓடணும். ஒரு சுத்துலயே நின்னா பிரேக் பேட் உரசுது. அது ஏற்றத்துல மோட்டாருக்கு மேல இன்னொரு ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி.

உங்க ரெண்டாவது கேள்விக்கும் இங்கேதான் பதில். ஒரு பிஸ்டன் கேபிள் கேலிப்பர்ல (பேட்களைப் பிடிச்சிருக்கிற கவ்வி) வெளிப்பக்கப் பேட்தான் நகரும், சக்கரத்துப் பக்கம் இருக்கிற பேட் அசையாது. தேயத் தேய லீவர் கைப்பிடிக்கு வந்துடும். உடனே எல்லாரும் கேபிளை இழுத்துக் கட்டுவாங்க. அப்படிச் செஞ்சா கேலிப்பர் கை முன்னாடியே பாதி திரும்பி நிக்கும், பிடிக்கிற பலம் போயிடும், சில வண்டியில பேட் ஓயாம உரசும். சரியான வழி: கேபிளைத் தளர்த்தி, கேலிப்பர் கை முழுசாப் பின்னால போகட்டும். உள்பக்க அறுகோணத் திருகைத் திருகி அசையாத பேட்டை ரோட்டருக்கு (பிரேக் தட்டு) விசிட்டிங் கார்டு தடிப்பு இடைவெளிக்குக் கொண்டு வாங்க. அப்புறம் கேபிளை மாட்டி, நுண் சரிசெய்தலை லீவர் பக்க உருளைத் திருகுல பண்ணுங்க. பேட்ல உராயும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தா இதெல்லாம் வேண்டாம், மாத்திடுங்க.

சத்தம் ரெண்டு காரணத்தால வரும். சங்கிலிக்கு அடிக்கிற ஸ்ப்ரே எண்ணெய் ரோட்டர்ல பட்டிருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால துடைச்சா ரோட்டர் சரியாயிடும், எண்ணெய் குடிச்ச பேட் சரியாகாது, தூக்கிப் போடுங்க. இல்லைன்னா பேட் சூட்டுல கண்ணாடி மாதிரி ஆயிருக்கும். மலை இறக்கத்துக்கு ரெசின் பேட்டைவிட உலோகத்தூள் பேட் தாங்கும், மழையிலும் பிடிக்கும். ஆனா அந்தப் பேட்டைத் தாங்கற ரோட்டரா பாருங்க. "ரெசின் மட்டும்"னு ரோட்டர்லயே பொறிச்சிருந்தா போடாதீங்க, ரோட்டர் சீக்கிரம் தேஞ்சு போகும். புதுப் பேட் போட்டதும் விருந்தினர்கிட்ட கொடுத்துடாம, சமதளத்துல 20 கிலோமீட்டர் வேகத்துலேருந்து நடை வேகம் வரைக்கும் 15-20 தடவை பிடிச்சுப் பதியவிடுங்க.

இறக்கத்துல சூடான ரோட்டர்லயோ ஹப்லயோ தண்ணி ஊத்த விடாதீங்க. ரோட்டர் வளையும். ஹப் சட்டுனு குளிர்ந்தா உள்ளே இருக்கிற காத்து சுருங்கி, அச்சு வழியா வர்ற கேபிள் ஓட்டையில தண்ணியை உறிஞ்சிடும்.

வோல்ட்மீட்டர்:
5-க்கு இன்னும் ரெண்டு. உங்க கியர் கணக்கு மலைக்கு ஆகாது. 46 பல், பின்னால 28 பல், 26 இன்ச் சக்கரம்: நிமிஷத்துக்கு 60 மிதி போட்டா 12 கிலோமீட்டர் வேகம். ஏற்றத்துல 7 கிலோமீட்டர்ல ஊர்றவர் நிமிஷத்துக்கு 35 மிதிதான் போடுவார், முட்டி வலிக்கும், உடனே த்ராட்டிலைப் பிடிப்பார். அப்புறம் எல்லாச் சுமையும் மோட்டார் தலையில. பின்னால 14-34 ப்ரீவீல் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி), முன்னால 38 பல் போட்டா அதே 60 மிதிக்கு 8.3 கிலோமீட்டர். விலை பேட்டரியோட ஒப்பிட்டா ஒண்ணுமில்லை. பின் டெரெய்லர் (சங்கிலியைக் கியர் மாத்தற கை) 34 பல் தாங்குமான்னு பார்த்துக்குங்க, சங்கிலி நீளத்தையும் புதுசா அளக்கணும்.

ரெண்டாவது, டிஸ்பிளே அமைப்புல மின்னோட்ட வரம்பு இருந்தா 15-லேருந்து 12-க்கு இறக்குங்க. சுருளோட வெப்பம் மின்னோட்டத்தோட வர்க்கத்துல போகும், கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு குறையும். இழுப்பு ஐந்துல ஒரு பங்கு போகும், அதைக் காலால ஈடுகட்டணும். அதனாலதான் கியரை முதல்ல மாத்தச் சொல்றேன்.

ஏன் ஆள் எடை இவ்வளவு முக்கியம்னா: வண்டி, ஆள் சேர்த்து 100 கிலோன்னா 100 மீட்டர் உயரத்துக்கு 27 வாட்-மணி சக்கரத்துல வேணும். ஆள் 95, வண்டி 25-ன்னா 120 கிலோ, 33 வாட்-மணி. மோட்டார் வீணாக்கறதையும் சேர்த்தா பேட்டரியிலேருந்து இன்னும் அதிகம். 10 சதவீதச் சரிவுல 100 கிலோவை 10 கிலோமீட்டர் வேகத்துல ஏத்த 300 வாட். சாதாரண விருந்தினர் கால் 80-100 வாட் தரும்.

தஞ்சோங்_அக்கா:
தம்பி, இடைமறிக்கிறேன். எங்ககிட்ட நடு மோட்டார் வண்டி (மிதி அச்சுல மோட்டார் இருக்கிறது) நாலு இருக்கு. விருந்தினர்கள் கொடிமலைக்கே (பினாங்கு ஹில்) சைக்கிள்ல ஏறணும்னு கேக்கறாங்க, தாவரவியல் பூங்கா (கெபுன் புங்கா) பக்கம் ஜீப் பாதை வழியா. இவங்க ஹப் வண்டியும் சேர்ந்து வரலாமா?

வோல்ட்மீட்டர்:
ஹப் வண்டி வேண்டாம் அக்கா. அந்தப் பாதை சுமார் 5 கிலோமீட்டர், ஏற்றம் 650 மீட்டருக்கு மேலே. சராசரியே 13 சதவீதம், அதுக்கு மேலே செங்குத்தான வளைவுகள் வேற. 6 கிலோமீட்டர் வேகத்துல போனா 100 கிலோவுக்கே 50 நிமிஷம் விடாம 230 வாட் வேணும். துன் சார்டோன்ல 71 டிகிரி வந்த மோட்டார் அங்கே தன் உள்ளே இருக்கிற நைலான் கியர் பல்லை இளக்கிடும். நடு மோட்டார் வண்டி கியர் வழியா இழுக்கறதால அது தன் வேகத்துலயே சுத்தும். ஆனா விருந்தினர் நின்ன இடத்துல பெரிய கியர்ல மிதிச்சா சங்கிலியும் பல்லும் தேயும், கியரைக் குறைச்சுட்டு நிக்கச் சொல்லுங்க. ஜீப் பாதையில வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, நடக்கிறவங்களும் அதிகம். வணிகச் சுற்றா கூட்டிப் போறதுக்கு மலை நிர்வாகத்துகிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. திரும்ப அதே வழியா இறங்கறது ஏறறதைவிட ஆபத்து: ஹைட்ராலிக் பிரேக், முன்னால 180 மில்லிமீட்டர் ரோட்டர் இல்லாத வண்டியைக் கொண்டு போகாதீங்க.

தைப்பூசம் சமயத்துல தண்ணீர்மலைக் கோயில் பக்கம் சாலை அடைப்பு இருக்கும், முன்பதிவு எடுக்காதீங்க.

மலைச்சுற்று_பினாங்கு:
5-ஆம் எண் சக்கரம் ஒரு சுத்துலயே நின்னுது, பின் பேட் உரசிக்கிட்டுத்தான் இருந்துச்சு. சரிபண்ணியதும் அதே ஏற்றத்துல டேப் மேல 60 டிகிரி, நிக்கல. ப்ரீவீலும் வாங்கிடறோம். 3-ஆம் எண் பேட்டரி ராத்திரி முழுக்க விட்டதுல 41.6 வந்திருக்கு.

விருந்தினர் ஒருத்தர் கேட்டார்: இறக்கத்துல மோட்டார் சார்ஜ் ஏத்தாதா?

பட்டறை_ஆயர்_ஈத்தாம்:
கியர் ஹப்ல ஏறாது, அந்த ஒருவழி கிளட்ச் விடாது. 41.6 நல்லதுதான், ஆனா ஒரு வாரம் கழிச்சு மறுபடி அளந்து பாருங்க. அது வரைக்கும் அந்த பேட்டரியை எடை குறைஞ்ச ஆளுக்குக் கொடுங்க, வழிகாட்டி தோள்பையில உபரி பேட்டரி ஒண்ணு இருக்கட்டும், தொடுமுனைக்கு மூடி போட்டு. சாவிக்கத்தையோட அதே அறையில போடாதீங்க.

டுரியான் சீசன்ல, அதாவது மே கடைசியிலேருந்து ஆகஸ்ட் வரைக்கும், சனி ஞாயிறு துன் சார்டோன் ஓரம் முழுக்க கார் நிக்கும். ஏற்றத்துல சைக்கிள் வரிசை நடுரோட்டுக்கு வந்துடும். காலை ஏழு மணிக்கே கிளம்புங்க, இல்லைன்னா அந்த நாள்களுக்கு தெலுக் பகாங் அணைக்கட்டு, தித்தி கெராவாங் பக்கம் மாத்திக்குங்க. அங்கேயும் ஏற்றம் இருக்கு, ப்ரீவீல் மாத்தின பிறகு போங்க.