14-ல் 11 சுற்று ஓடி உலக ராலி பட்டம்: வெள்ளிக்கிழமை வரிசை விதி நியாயமா?

சரளைக்கல்:
2025 சீசன் முடிவு எல்லோருக்கும் தெரியும். சாம்பியன் ஒஜியே 293 புள்ளி, இரண்டாமிடம் எவான்ஸ் 289. ஒஜியே சுவீடன், கென்யா, எஸ்தோனியா மூன்றுக்கும் வரவில்லை. மீதி 11 சுற்றிலேயே ஒன்பதாவது பட்டத்தை எடுத்து, ஏற்கெனவே ஒன்பது பட்டம் வைத்திருந்த லோபோடு சமமாகிவிட்டார். ஆள் கெட்டிக்காரர், அதில் சண்டை இல்லை. என் சண்டை விதியோடு.

ராலியில் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். வெள்ளிக்கிழமை முழுக்க சாம்பியன்ஷிப் பட்டியலில் முதலில் இருப்பவர்தான் முதலில் கிளம்ப வேண்டும். சனி, ஞாயிறு அந்த ராலியின் நிலவரத்துக்குத் தலைகீழ் வரிசை, முன்னிலையில் இருப்பவர் கடைசியில். 2025-ல் 14 சுற்றில் 9 சரளை. காய்ந்த சரளையில் முதல் கார் செய்வது துடைப்ப வேலை: மேலே உதிரியாகக் கிடக்கும் பொடிக்கல்லை இரண்டு பக்கமும் தள்ளி, அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பின்னால் வருபவனுக்குத் திறந்து கொடுக்கிறது. ஐந்தாவதாக வருபவனுக்குப் பிடிமானம் மட்டுமா லாபம்? முன்னால் போன நாலு பேர் எங்கே பிரேக் பிடித்தார்கள் என்பது தரையிலேயே கோடாகத் தெரியும்.

இப்போது ஒஜியே எத்தனை சரளை ராலியைத் திறந்தார் (அதாவது வெள்ளியன்று முதல் காராகப் போனார்) என்று எண்ணிப் பாருங்கள். முதல் சுற்றான மான்டே கார்லோவை ஜெயித்துப் பட்டியலில் முதலிடம். அடுத்த சுற்று சுவீடனுக்கு வரவே இல்லை. சிலியை ஜெயித்து மறுபடி முதலிடம். அடுத்தது மத்திய ஐரோப்பா, தார்ச்சாலை. அங்கே முன்னால் போவதுதான் வசதி, வளைவை வெட்டிப் போகும் கார்கள் மண்ணை இழுத்துப் போடுவதற்கு முன்பே கடந்துவிடலாம். ஆக மொத்தம் பூஜ்யம். ஒரு சரளை வெள்ளிக்கிழமையைக்கூட அவர் பெருக்கவில்லை.

ஹேண்ட்பிரேக்:
பூஜ்யம் என்பது சரி. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் சரியில்லை.

எவான்ஸ் அந்த வருடம் ஜெயித்தது இரண்டே ராலி: சுவீடன், கென்யா. இரண்டிலும் வெள்ளிக்கிழமை முதலில் கிளம்பியவர் அவரேதான். அப்புறம் முதலில் போவது எப்படிச் சாபமாகும்?

பழைய கதையும் இருக்கிறது. 2015, 2016-ல் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் வெள்ளி மட்டுமல்ல, சனிக்கிழமையும் திறக்க வேண்டும். அந்த இரண்டு வருடமும் சாம்பியன் யார்? இதே ஒஜியே. 2017-லிருந்துதான் முதல் நாளோடு நிறுத்தினார்கள். இரண்டு நாள் பெருக்கியவருக்கு ஒரு நாள் வசதி கிடைத்ததும் இவ்வளவு கூச்சலா?

சரளைக்கல்:
சுவீடனைச் சரளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே ஆணி டயர், உறைந்த தரை. புதுப்பனி விழுந்தால் முதல் காருக்குக் கஷ்டம். விழாவிட்டால் கதை வேறு: ஆணிகள் பனிக்கட்டியைக் கீறிக் கீறி அடிச்சரளை வெளியே வரும், அதில் பின்னால் வருபவர்களின் ஆணிதான் பிடுங்கிக்கொண்டு போகும். இரண்டாவதாக வந்த கட்சுடாவை எவான்ஸ் முந்தியது 3.8 நொடியில்.

கென்யா வேகத்தால் மட்டும் ஜெயிக்கும் ராலியே இல்லை. மாவு மாதிரி புழுதி, நடுவில் ஒளிந்திருக்கும் பாறை. புழுதி காற்றில் தொங்கும்போது முதலில் போகிறவருக்கு மட்டும்தான் பாதை முழுசாகத் தெரியும். போர்ச்சுகல், சர்டினியா, அக்ரோபோலிஸ் (கிரீஸ்) பக்கம் வாருங்கள், பேசலாம். அங்கே எவான்ஸ் மூன்று முறை திறந்தார், ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. முதல் இரண்டும் ஒஜியே கையில்.

பேஸ்நோட்:
இரண்டு பேரும் வரிசையை ஒரே அளவான தண்டனையாக வைத்துப் பேசுகிறீர்கள். அது ஸ்டேஜுக்கு ஸ்டேஜ், அதாவது நேரம் எடுக்கும் சாலைத் துண்டுக்குத் துண்டு, மாறும்.

வெள்ளி காலைச் சுற்றில்தான் அடி பலம். மதியம் அதே ஸ்டேஜுக்கு இரண்டாவது முறை வரும்போது தடம் ஏற்கெனவே விழுந்திருக்கும், நஷ்டம் வெகுவாகக் குறையும். அப்போது பள்ளமும் பிடுங்கி எறியப்பட்ட கல்லும்தான் பிரச்சினை, அது எல்லோருக்கும் பொது. மழை பெய்தால் கணக்கே தலைகீழ்: முதல் காருக்கு இறுகிய ஈரமண், பத்தாவது காருக்குச் சேறு.

டயரிலும் பிரிவு வரும். திறப்பவர் பொதுவாக மென் டயர் பக்கம் சாய்வார், உதிரிக்கல்லில் அது கொஞ்சமாவது கடிக்கும், சீக்கிரம் தேயவும் தேயாது. பின்னால் வருபவர் பெருக்கிய கெட்டித் தரையில் ஓடுவதால் அதே மென் டயர் கரைந்துவிடும். அவருக்குக் கடின டயர். திறப்பவரின் காரில் சஸ்பென்ஷனையும் மென்மையாக வைப்பார்கள், வளைவில் கார் சாய்வதைக் கட்டுப்படுத்தும் ஆன்டி-ரோல் பாரைத் தளர்த்துவார்கள். சனிக்கிழமை வரிசை மாறியதும் அதெல்லாம் வேண்டாத வேலையாகிவிடும். 2025 கார்களில் ஹைபிரிட் போய்க் குறைந்தபட்ச எடை 1260-லிருந்து 1180 கிலோவுக்கு இறங்கியது, டயரும் பிரெல்லியிலிருந்து ஹான்கூக்குக்கு மாறியது. பழைய வருடங்களின் செட்டப் குறிப்பை அப்படியே எடுத்துப் போட முடியாத வருடம்.

போர்ச்சுகலை ஒஜியே வரிசையால் ஜெயித்தார் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். முன்னிலையில் இருந்த தனாக்கின் பவர் ஸ்டீயரிங் போகாமல் இருந்திருந்தால் அந்த ராலி வேறு பக்கம் போயிருக்கும்.

சரளைக்கல், உங்கள் நாலு புள்ளிக்கு நேரான பதில் வெள்ளிக்கிழமையில் இல்லை, ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. மத்திய ஐரோப்பாவில் ஒஜியே தடத்தைவிட்டுப் போய் வெற்றிப் போட்டியிலிருந்து காலி. மறுபடி கிளம்ப அனுமதிக்கும் விதியில் ஞாயிறு வந்தார். சூப்பர் சண்டேயில் (ஞாயிறு நேரத்துக்கு மட்டும் தரும் புள்ளி) 5, பவர் ஸ்டேஜில் (கூடுதல் புள்ளி தரும் கடைசி ஸ்டேஜ்) 5. தோற்றுப்போன ராலியில் 10 புள்ளி! பட்ட வித்தியாசம் 4.

ஹேண்ட்பிரேக்:
அந்த 10-ஐயும் யாரும் தானமாகத் தரவில்லை, அன்றைக்கு எல்லோரையும்விட வேகமாக ஓட்டி எடுத்தார். சூப்பர் சண்டே ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டீர்கள். அதற்கு முன்னால் ஞாயிறு காலை பாதிப் பேர் டயரைச் சேமித்துக்கொண்டு உருட்டுவார்கள், பவர் ஸ்டேஜில் மட்டும் முறுக்குவார்கள். பார்க்கச் சகிக்காது.

2024 முறையைவிட இது எவ்வளவோ மேல். அப்போது சனிக்கிழமை நிலவரத்துக்கு 18, 15, 13 என்று கொடுத்து, ஞாயிறைத் தனியாக 7-லிருந்து எண்ணினார்கள். சுவீடனை ஜெயித்த லாப்பியைவிட இரண்டாவதாக வந்த எவான்ஸ் அதிகப் புள்ளியோடு வீட்டுக்குப் போனார். இப்போது வெற்றிக்கு 25, இரண்டாமிடத்துக்கு 17. ஜெயிப்பவனுக்கு மதிப்பு இருக்கிறது. ஒஜியே ஜெயித்தது 6 ராலி, எவான்ஸ் 2. ஒரு ராலிக்குச் சராசரி ஒஜியே 26.6, எவான்ஸ் 20.6. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சரளைக்கல்:
நீங்களே வழி சொல்லிவிட்டீர்கள். மொத்தப் புள்ளிக்குப் பதிலாகச் சராசரியை வைத்து வெள்ளி வரிசையைப் போடுங்கள். சவுதி கடைசிச் சுற்றுக்கு முன்னால் எவான்ஸ் 13 ராலியில் 272, ஒஜியே 10 ராலியில் 269. மொத்தத்தில் எவான்ஸ் முதலில் போனார். சராசரியில் ஒஜியே 26.9, எவான்ஸ் 20.9. துடைப்பம் கைமாறியிருக்கும்.

பேஸ்நோட்:
அப்படியென்றால் சோல்பெர்க்கை என்ன செய்வீர்கள்? 2025-ல் முதல்தரக் காரில் ஒரே ராலி, எஸ்தோனியா, அதையும் ஜெயித்தார். முதல்தரக் கார் ஓட்டத்தை மட்டும் எண்ணினால் உங்கள் சராசரியில் பட்டியலின் உச்சி அவர்தான். அடுத்து எந்தச் சுற்றுக்கு வந்தாலும் அவர் தலையில் துடைப்பம். எப்போதாவது வரும் ஒரு இளைஞனைத் தண்டிக்கும் விதிக்கு எந்த அணி சம்மதிக்கும்?

சரளைக்கல்:
குறைந்தது ஐந்து ராலி ஓடியவருக்கு மட்டும் என்று வைத்தால் போச்சு. அதுவும் வேண்டாமென்றால் 2012, 2013-ல் இருந்த தகுதி ஸ்டேஜ். வேகமாக ஓடியவர் தன் இடத்தைத் தானே எடுத்துக்கொள்வார்.

ஹேண்ட்பிரேக்:
எடுத்துக்கொண்டார்கள், காய்ந்த சரளையில் வேகமானவர்கள் எல்லோரும் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். மெதுவானவன் பெருக்கினான். துடைப்பம் இருந்த இடத்தில்தான் இருந்தது, பிடித்த கைதான் வேறு. அதற்கும் முந்தைய முறையில் ராலியில் முன்னிலையில் இருப்பவர் மறுநாள் திறக்க வேண்டும் என்று இருந்தபோது, மாலைக் கடைசி ஸ்டேஜில் வேண்டுமென்றே வேகம் குறைத்து இரண்டாமிடத்துக்கு இறங்கிய கூத்தெல்லாம் நடந்தது. அதோடு ஒப்பிட்டால் இப்போதைய விதி தங்கம்.

சரளைக்கல்:
பழைய இரும்போடு ஒப்பிட்டால் எல்லாமே தங்கம்தான். ஒரு நாளை அரை நாளாக்குங்கள் என்கிறேன். வெள்ளி காலைச் சுற்று பட்டியல் வரிசையில், மதியம் நிலவரத்துக்குத் தலைகீழ். பேஸ்நோட் சொன்ன மாதிரி மதியம் நஷ்டம் குறைவு என்றால் மாற்றுவதில் யாருக்கு என்ன இழப்பு?

பேஸ்நோட்:
காரைப் பழுதுபார்க்கும் மதிய சர்வீஸ் இடைவேளைக்குள் புது வரிசையை அறிவித்து, ஒவ்வொரு காரின் நேரத்தையும் குறிக்கும் அட்டைகளை மாற்ற முடியுமென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சவுதியில் பெருக்கிய தடத்தில் மேலே வந்தது கூரான பாறை. முன்னிலையில் இருந்த செஸ்க்ஸ் டயர் பஞ்சராகித்தான் வெற்றியை இழந்தார், அவர் பின்வரிசையில் கிளம்பியவர்.

ஹேண்ட்பிரேக்:
அரை நாள் யோசனைக்கு என் ஓட்டும் உண்டு. பட்டம் தகுதியில்லாமல் கிடைத்தது என்பதற்கு மட்டும் கிடையாது.