புதுப்பிப்பு: விண்வெளிச் சிறையிலிருந்து முத்து தப்பிக்கும் வழி கிடைத்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: பூமிக்கு மேலே 400 கிலோமீட்டரில் ஒரு சிறை. என் படக்கதை நாயகன், சில்லறைத் திருடன் முத்து, கதவைத் திறந்து குதித்தால் தப்பிவிடுவானா?

மாட்டானாம். பலர் சொன்னது சரிதான். சிறை மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது; குதித்தவனுக்கும் அதே வேகம். விண்வெளி உடையோடு வெளியே வந்த முத்து விழவே இல்லை, சன்னலோரமாகவே மிதக்கிறான். உள்ளே வார்டர் பையிலிருந்து தேநீரை உறிஞ்சியபடி கையாட்டுகிறார். "ஐயா, கதவைத் திறங்கய்யா!" இந்த ஒரு பக்கத்தை வரையவே மூன்று ஞாயிறு போய்விட்டது.

அப்புறம், பரோட்டா. 1985இல் ஒரு விண்வெளி வீரர், நம் சப்பாத்தி போன்ற மெக்சிகோ உணவான டோர்ட்டியாவைக் கொண்டுபோனார். ரொட்டியைப் போல அதில் துகள் உதிர்ந்து மிதக்காது என்பதால் அது அங்கேயே நிலைத்துவிட்டது. போன வாரம் சிங்கப்பூரின் தேக்காவில் மொறுமொறு பரோட்டாவைப் பிய்த்தேன், சட்டையெல்லாம் செதில். பிடித்தேன் வழியை! தீபாவளிச் சாப்பாடு கேட்டு முத்து மனுப் போடுகிறான். நாற்பது கைதிகள் ஒரே நேரத்தில் பிய்க்க, காற்று வடிகட்டி அடைத்து, அபாய மணி அலற, எல்லாரையும் கீழே இறக்கியே ஆகவேண்டும்.

சுழலும் சிறை யோசனை சொன்ன அண்ணன் மன்னிக்கவும். சுழன்றால் எடை வந்துவிடும், செதில் தரையில் விழுந்துவிடும், கதை போச்சு.

இன்னும் நான்கு பக்கம் மை போட வேண்டும். வார்டரின் மீசை எந்தப் பக்கம் மிதக்கும் என்பதுதான் முடிவாகவில்லை.