கோத் இசைக்குழுக்களே தங்களைக் கோத் என்று ஒப்புக்கொள்ளாதது ஏன்?

கருங்குயில் (கோவை) கேட்டது:

வணக்கம். விடுதி அறைத்தோழி மூலம் பாஹவுஸ், சூக்ஸி அண்ட் தி பான்ஷீஸ், தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி ஆகிய பிரிட்டிஷ் ராக் குழுக்களைக் கேட்க ஆரம்பித்தேன். இப்போது விட முடியவில்லை. கோத் என்றால் இருண்ட தொனி கொண்ட ராக் இசையும், அதைச் சுற்றிக் கறுப்பு உடையோடு வளர்ந்த ரசிகர் பண்பாடும் என்று புரிந்துகொண்டேன். அந்தப் பெயரைத் தேடினால் இந்த மூன்று குழுக்களும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. பேட்டிகளைப் படித்தாலோ, அந்தப் பெயரே வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்கள். சிஸ்டர்ஸ் குழுவின் பாடகர் ஆண்ட்ரூ எல்ட்ரிச்சுக்கு அதைக் கேட்டாலே பிடிப்பதில்லை. பாடியவர்கள் உதறிய பெயரை ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளாக ஏன் தாங்கிப் பிடிக்கிறார்கள்? கறுப்பு உடைக்கும் கண்மைக்கும் அப்பால் இதில் என்ன இருக்கிறது? நான் கறுப்பு உடுத்தினாலே வீட்டில் துக்கம் என்று முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லவும் எனக்கு ஒரு பதில் வேண்டும்.

வடகாற்று (லீட்ஸ்) எழுதியது:

கருங்குயில், பெயர் குழுக்களுடையது அல்ல; அதனால்தான் அவர்கள் உதறியும் அது விழவில்லை. பத்திரிகைகள் ஒட்டிய பெயர் அது. எந்தக் கலைஞருக்கும் தன் பாட்டை ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டு ஒருவரையொருவர் கண்டுகொண்டவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. குழுக்கள் கலைந்தன, பாணியை மாற்றின, பிறகு மீண்டும் கூடின. இடையில் வீட்டைக் காத்தவர்கள் ரசிகர்களே.

பாஹவுஸிலிருந்தே தொடங்குகிறேன். 1979 ஜனவரியில், இங்கிலாந்தின் நார்தாம்ப்டனைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் பக்கத்து ஊரான வெல்லிங்பரோவில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். குழு தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே பதிவு செய்த ‘பெலா லுகோசிஸ் டெட்’ ஒன்பது நிமிடங்களுக்கும் மேல் ஓடும். 1931-இல் டிராகுலாவாக நடித்த ஹங்கேரிய நடிகரைப் பற்றிய பாட்டு. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேளுங்கள். முதலில் டிரம் விளிம்பில் குச்சி தட்டும் ஓசை. தட்டியது எதிரொலித்து, அந்த எதிரொலியே இன்னொரு தாளமாகிவிடுகிறது. பிறகு கீழே இறங்கி இறங்கி வரும் பேஸ் கிட்டார். அதன்மேல் டேனியல் ஆஷின் கிட்டார் இசைக்காமல் கீறுகிறது. பாடகர் பீட்டர் மர்ஃபியின் குரல் வருவதற்கு இரண்டரை நிமிடங்களுக்கும் மேல் ஆகிறது. அந்தத் தாளம் பிரேசிலின் போசா நோவாவிலிருந்தும், அந்த எதிரொலி ஜமைக்காவின் டப் இசையிலிருந்தும் வந்தவை. கல்லறை, வௌவால் என்று மட்டும் இதைப் பார்ப்பவர்களுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

வட இங்கிலாந்தில் உள்ள எங்கள் லீட்ஸின் கதை வேறு. எழுபதுகளின் இறுதியில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. பெண்களைத் தொடர்ந்து கொன்றவன் 1981 ஜனவரியில் பிடிபடும்வரை இருட்டினால் வெளியே போகவே ஊர் அஞ்சியது. அந்த ஊரில்தான் 1980-இல் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி தொடங்கியது. டிரம் வாசிக்க ஆளுக்குப் பதில் ஒரு இயந்திரம். அதற்கு ‘டாக்டர் அவலாஞ்ச்’ என்று பெயரும் வைத்துக் குழுவில் ஒருவராகவே சேர்த்துக்கொண்டார்கள். மெரியன் சென்டர் வணிக வளாகத்தின் அடித்தளத்தில் இருந்த ‘லெ ஃபோனோகிராஃபிக்’ இந்த இளைஞர்கள் கூடிய கிளப். லண்டன் சோஹோவில் 1982-இல் திறந்த ‘பேட்கேவ்’ கிளப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். வடக்கே நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

நிழல்வரை (சென்னை) எழுதியது:

நான் அரங்க வடிவமைப்பு படிக்கிறேன், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். அந்தப் பாஹவுஸ் இசைத்தட்டின் பின்னட்டையில் இருப்பது 1920-இல் வந்த ஜெர்மானிய மௌனப்படமான ‘டாக்டர் கலிகாரி’யின் காட்சி. அந்தப் படத்தில் சாய்ந்த சுவர்கள், கூரிய ஜன்னல்கள். நிழல்களைக்கூட விளக்கு வைத்து உண்டாக்காமல் அரங்கத்தின் மேலேயே பெயின்டால் வரைந்திருப்பார்கள். அதில் தூக்கத்தில் நடக்கும் சேசாரேயின் முகத்தைப் பாருங்கள்: சுண்ணாம்பு வெளுப்பு, கண்ணைச் சுற்றி அப்பிய கறுப்பு, உடலோடு ஒட்டிய கறுப்பு உடை. அறுபது ஆண்டுகள் கழித்து பேட்கேவில் நின்றவர்களின் முகம் அதுவேதான்.

இன்னொன்று, ஜாய் டிவிஷன் என்ற ஆங்கிலக் குழுவின் 1980 ஆல்பமான ‘க்ளோசர்’. அட்டையில் இருப்பது இத்தாலியின் ஜெனோவா நகரத்து ஸ்டாலியெனோ கல்லறைத் தோட்டத்துச் சிற்பம். கிடத்தப்பட்ட உடலைச் சுற்றி அழுகிறவர்கள். அட்டை தயாரான பிறகு, ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே, பாடகர் இயன் கர்டிஸ் இறந்துபோனார்.

தாளக்கட்டு எழுதியது:

இசையைக் கேட்காமல் உடையை மட்டும் மாட்டிக்கொள்பவர்களையும் கோத் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இது இசையிலிருந்து வந்தது. அந்த வேரை விட்டால் கடைச்சரக்குதான் மிஞ்சும்.

வடகாற்று எழுதியது:

தாளக்கட்டு, வேர் இசைதான். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாசலில் நின்று தேர்வு வைப்பதை நான் ஏற்கமாட்டேன். 2007 ஆகஸ்டில் லங்காஷயரின் பேகப் ஊர்ப் பூங்காவில் கோத் தோற்றத்தில் இருந்த சோஃபி லங்காஸ்டரையும் அவருடைய காதலரையும் இளைஞர் கும்பல் ஒன்று தாக்கியது. தோற்றம் வேறுபட்டிருந்தது என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. கீழே விழுந்த காதலரின் தலையை மடியில் ஏந்திக் காக்க முயன்ற சோஃபியை உதைத்தார்கள். இரு வாரங்களில் அவர் இறந்தார், வயது 20. அவர் எந்த ஆல்பம் வைத்திருந்தார் என்று அடித்தவர்கள் கேட்கவில்லை. சோஃபியின் தாயார் தொடர்ந்து போராடினார். 2013-இல் கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ், கோத் போன்ற மாறுபட்ட தோற்றமும் பண்பாடும் கொண்ட குழுவினர் மீதான தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதிவு செய்யத் தொடங்கியது. உடை என்பது வெறும் உடையல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

கருங்குயில், வீட்டில் சொல்வதற்கு: கறுப்பு துக்கத்தின் நிறம் என்பதை மறுக்காதீர்கள். இங்கேயும் அப்படித்தான். 1861-இல் கணவர் இறந்தபின் விக்டோரியா மகாராணி சாகும்வரை கறுப்பே உடுத்தினார். துக்க நகைகளுக்கு, இங்கிலாந்தின் விட்பி ஊர்க் கடற்கரையில் கிடைக்கும் ஜெட் கல்லுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரம் கறுத்து இறுகிய பொருள் அது. என்னிடம் ஒரு பதக்கம் இருக்கிறது. கல் என்று நம்ப முடியாத அளவுக்கு லேசானது, கண்ணாடியைப்போல் சில்லென்றும் இருக்காது. டிராகுலா கதையை எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1890-இல் தங்கிய ஊரும் அதுவே. 1994 முதல் கோத் அன்பர்கள் விழாவுக்காக அங்கே கூடுகிறார்கள். பாழடைந்த மடாலயத்துக்கு ஏறும் 199 படிகளில் பாட்டிகளும் கைக்குழந்தைகளும் கறுப்பு சரிகை உடுத்திப் போவதைப் பார்த்திருக்கிறேன். துக்கத்தை ஒளித்து வைக்காமல் அழகாக அணிந்துகொள்ளத் தெரிந்தவர்கள் அவர்கள். அம்மாவிடம் அந்தப் படங்களைக் காட்டுங்கள்.

கருங்குயில் எழுதியது:

நன்றி அக்கா. நிழல்வரை, கலிகாரியை இன்றே பார்க்கிறேன். அடுத்து எந்த ஆல்பத்தைக் கேட்கலாம்?

வடகாற்று எழுதியது:

சூக்ஸியின் ‘ஜூஜூ’, 1981. ஜான் மெக்கியோக்கின் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். அது முடிந்ததும் தி க்யூர் குழுவின் ‘போர்னோகிராஃபி’, 1982. தலைப்பைப் பார்த்து வீட்டில் கேள்வி வரலாம். உள்ளே இருப்பது இருண்ட, கனத்த இசைதான்.